மச்சானின் இடது கால்

மாத்தளைத் தேருக்கு வேட்டுப் போடும் நேரத்தில் என்னைத் தேடுபவர்கள் கூட்டத்துக்குள் தேடி நேரத்தை வீணாக்கக் கூடாது. கீழே பார்க்க வேண்டும். போன வருடம் ஒரு சர்பத் வண்டிக்கு அடியில் கிடந்தேன். வண்டிக்காரர் குனிந்து பார்த்து, "என்னண்ணே, பழையபடியா?" என்று கேட்டுவிட்டு ஒரு கிளாஸ் சர்பத்தை அங்கேயே நீட்டினார். எனக்கு நரைத்த மீசை, புது வேட்டி, முழங்கை முழுக்கச் சேறு. வாங்கிக் குடித்தேன். வெளியே வந்தபோது என் மனைவி என்னைத் தெரியாதவள் மாதிரி தேரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

டயர் வெடித்தாலும், பக்கத்து வீட்டில் தேங்காய் விழுந்தாலும் என் கதி இதுதான். ஊரில் இது பெரிய வேடிக்கை. நானே அதை நடித்துக் காட்டிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் ஒரே ஒரு வெடிக்கு நான் பயப்படவில்லை. அதை மட்டும் இதுவரை யாருக்கும் நடித்துக் காட்டியதில்லை.

ரயில்வேயில் நான் ட்ரொலி தள்ளியவன். நான்கு இரும்புச் சக்கரம், மேலே ஒரு பலகை பெஞ்சு, வெயிலுக்கு ஒரு குடை. இன்ஸ்பெக்டர் மாத்தயா, அதாவது ஐயா, பெஞ்சில் உட்கார்ந்து தண்டவாளத்தை மேற்பார்வையிட்டபடி வருவார். பின்னால் இரண்டு பேர், ஆளுக்கொரு தண்டவாளத்தின் மேல் வெறுங்காலோடு ஓடித் தள்ள வேண்டும். செருப்புப் போட்டால் வழுக்கும். சில வருடம் ஓடினால் இரும்பு உள்ளங்காலில் தன் அடையாளத்தைப் போட்டுவிடும். குதிகாலிலிருந்து விரல் வரைக்கும் தோல் பட்டையாகத் தடித்து, வெடித்து, கட்டைபோல ஆகிவிடும். சப்பாத்துக் கடையில் காலைக் காட்டவே வெட்கமாக இருக்கும்.

முதல் நாளே நான் தண்டவாளத்திலிருந்து வழுக்கினேன். பக்கத்துத் தண்டவாளத்தில் ஓடிக்கொண்டிருந்தவர் என் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். "பாத்து மாப்ள, ட்ரொலியில அடிபட்டுச் செத்தான்னா வெளிய சொல்ல முடியாது" என்றார். அன்றிலிருந்து அவர் எனக்கு மச்சான். சொந்தமெல்லாம் ஒன்றுமில்லை. அவர் உக்குவளைப் பக்கத்துக் கொக்கோத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். நான் டவுன்காரன். மாப்ள என்று கூப்பிட்டவரை மச்சான் என்றேன், அவ்வளவுதான்.

அவருக்குக் கல்யாணம் ஆனபோது பெண்ணிடம் போய், "இவரு எனக்கு மச்சான்னா நீங்க எனக்குத் தங்கச்சி" என்று பகிடியாகச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. அவள் சிரிக்கவில்லை. "சரிண்ணே" என்றாள், ரொம்ப நாளாகக் காலியாக இருந்த வேலைக்கு ஆள் கிடைத்துவிட்ட மாதிரி.

மச்சானின் இடது காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருமுறை தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலிப்பர் கட்டை விழுந்து அவருடைய சுண்டுவிரல் ஒடிந்தது. ஒடிந்த விரல் கூடும்போது பக்கத்து விரலின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. "அதுக்கும் என்னைய மாதிரி தனியா படுக்கப் பிடிக்கல" என்பார். லீவில் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் தங்கச்சி அவர் காலை மடியில் வைத்து, வெடிப்புகளில் வேப்பெண்ணெய் தடவி, மெழுகுதிரியை உருக்கி ஊற்றி அடைப்பாள். அவர் கூச்சத்தில் நெளிவார். தண்டவாளத்துக்குக் கூசாத கால் அவள் கைக்குக் கூசும்.

சண்டை நடந்த காலத்தில் எங்கள் கேங்கிலிருந்து மூன்று பேரை வடக்குப் பாதைக்கு அனுப்பினார்கள். மச்சான், நான், லக்கலையிலிருந்து வந்த சிங்களவர் ஒருவர். மதவாச்சிக்கு அப்பால் காலை முதல் ரயில் போவதற்கு முன்னால் ட்ரொலி போய்ப் பாதையைப் பார்த்துவிட்டு வர வேண்டும். என்ன பார்க்க வேண்டும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஜல்லி கலைந்திருக்கிறதா, புது மண் தெரிகிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னார்கள். இரண்டு பேர் ஓடுவோம், ஒருவர் மாத்தயாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து களைப்பாறுவார். ஆமிக்காரர்கள் பாதை நெடுக நிற்பார்கள். மச்சானையும் என்னையும் பெயர் கேட்டதும் மறுபடி ஒருமுறை அடையாள அட்டையைக் காட்டச் சொல்வார்கள். அங்கே எங்களுக்கு எல்லாரையும் பயம். எங்களைப் பார்த்தும் எல்லாருக்கும் பயம்.

என் பயம் வயிற்றில் குடியிருந்தது. ட்ரொலியைத் தண்டவாளத்தில் ஏற்றி வைத்ததும் எனக்குப் பற்றைப் புதருக்குள் போயாக வேண்டும். ஒரு நாள் தவறியதில்லை. மாத்தயாவே, "போய்விட்டு வந்துவிட்டானா?" என்று கேட்டுவிட்டுத்தான் குடையை விரிப்பார். லக்கலைக்காரர் தன் ஊர்க் கதையைச் சொல்லிக் கிண்டல் பண்ணுவார். அவர்கள் ஊரில் காட்டு ஓரத்துச் சேனைப் பயிருக்குள் வரும் யானையைத் துரத்த வெடி போடுவார்களாம். என்னைக் காவலுக்கு வைத்தால் யானை நிற்குமாம், நான்தான் ஓடுவேனாம். லீவில் வீட்டுக்குப் போனால் அம்மாவிடமும் இதைச் சொல்லிச் சிரிப்பேன் என்றார்.

மூடுபனிக் காலத்தில் சாரதியை எச்சரிக்கத் தண்டவாளத்தின் மேல் சின்னத் தகர வெடி ஒன்றைக் கட்டி வைப்போம். சக்கரம் ஏறினால் டமார் என்று வெடிக்கும். எங்கள் ஆட்கள் அதைப் பட்டாசு என்பார்கள். ஒரு காலையில் நான் பற்றைக்குள் இருந்தபோது மச்சானும் லக்கலைக்காரரும் ஒரு பட்டாசைத் தண்டவாளத்தில் வைத்துச் சம்மட்டியால் அடித்தார்கள். நான் இருந்த கோலத்திலேயே பாய்ந்து வந்து தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தேன். அந்தக் கோலத்தை இங்கே எழுத முடியாது. காவலுக்கு நின்ற ஆமிக்காரர்கள் துவக்கைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அந்தப் பாதையில் அவர்கள் துவக்கைக் கீழே வைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். மாத்தயா திட்டினார். ஆனாலும் அப்புறம் இரண்டொரு தடவை அதே வேலையைச் செய்தார்கள். நானும் அதே மாதிரி விழுந்தேன்.

அந்தக் காலையிலும் நான் பற்றைக்குள்தான் இருந்தேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று மாத்தயா அவசரப்படுத்தியிருக்க வேண்டும். மச்சானின் குரல் கேட்டது. "மாப்ள, முடிச்சிட்டு ஓடியா. வளைவுல நிப்போம்." சக்கரச் சத்தம் தள்ளிப் போனது. கொஞ்ச நேரத்தில் வெடித்தது.

பெரிய சத்தம்தான். ஆனால் நான் அசையவில்லை. இன்றைக்குப் பட்டாசு இரண்டு மூன்று சேர்த்து வைத்துவிட்டார்கள், இன்றைக்கு நான் விழ மாட்டேன் என்று நினைத்தேன். சிரித்தேன்கூட. நிதானமாகக் கால்சட்டையைக் கட்டிக்கொண்டு, இரண்டு பேரையும் எப்படித் திட்டுவது என்று ஒரு நல்ல வசவைத் தயார் பண்ணியபடி வளைவுக்கு நடந்தேன். அந்த வசவு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

வளைவில் குடை ஒரு மரத்தின் கிளையில் மாட்டியிருந்தது. மாத்தயா தூரத்தில் வயலுக்குள் காதுகளைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பிழைத்தார், காது மட்டும் திரும்பவில்லை. பின்னால் ஓடிய இரண்டு பேரைப் பற்றி நான் எழுத மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டு பெட்டிகள் தந்தார்கள். ஒரே அளவு, ஒரே நிறம், ஆணி அடித்தாகிவிட்டது. சவ அறையில் வேலை செய்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பெட்டியைத் திறக்க வேண்டாம், கிடைத்ததை முடிந்த அளவுக்குப் பிரித்து வைத்திருக்கிறோம் என்று சிங்களத்தில் சொன்னார். நல்ல மனிதர். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மூடியின் மேல் சுண்ணாம்புக் கட்டியால் ஊரை எழுதினார். ஒன்றில் உக்குவளை, ஒன்றில் லக்கலை.

கண்டியில் பெட்டிகளை மாத்தளை ரயிலின் கார்ட் பெட்டிக்கு மாற்றினார்கள். இரண்டுக்கும் நடுவே நான் உட்கார்ந்திருந்தேன். துணைக்கு ஒரு ரயில்வே அதிகாரியும் ஒரு பொலிஸ்காரரும். மாத்தளையில்தான் இரண்டையும் இறக்குவதாக ஏற்பாடு. ஸ்டேஷன் கிட்டே வந்துவிட்டது.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. சாரதியோ கார்டோ ஓய்வு பெறும் கடைசி நாளில், அவருடைய ரயில் ஸ்டேஷனுக்குள் நுழையும் இடத்தில் பட்டாசுகளை வரிசையாகக் கட்டி வைத்து மரியாதை செய்வார்கள். ட்ரொலி தள்ளுபவனுக்கு அந்த மரியாதையை யாரும் செய்ததில்லை. எங்கள் கேங்குக்கு அன்றைக்கு அது பொறுக்கவில்லை. இரண்டு பேருக்கும் பெரிய மரியாதையாகச் செய்ய வேண்டும் என்று நினைத்தார்கள். கண்ணி வெடியில் போனவர்களுக்கு வெடி வைக்கிறோமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ரயில்வேக்காரனுக்கு மட்டும்தான் அது தோன்றாது.

முதல் வெடிக்கே நான் ஒரு பெட்டியின் மேல் பாய்ந்து கட்டிப்பிடித்தேன். இரண்டாவது வெடிக்கு அதை விட்டுவிட்டு மற்றதைப் பிடித்தேன். பெட்டிகள் வழுக்கி ஒன்றோடொன்று இடித்தன. மூன்றாவதுக்கு இரண்டுக்கும் இடையில் முகம் குப்புறக் கிடந்தேன். ரயில் நின்றது. கதவைத் திறந்தவர்கள் நான் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு கிடப்பதைப் பார்த்தார்கள். "எவ்ளோ பாசம் பாருங்க" என்று யாரோ விம்மியது கேட்டது. எழுந்து பார்த்தால் மூடிகளின் மேல் எழுத்து இல்லை. சுண்ணாம்பு முழுவதும் என் நீலச் சட்டையில் இருந்தது.

கார்ட் மாத்தயா வலப்பக்கத்துப் பெட்டிதான் உக்குவளை என்றார். நான் இடப்பக்கம் என்றேன். அவர் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். பிறகு நானும் வலப்பக்கம் என்றேன். மற்றப் பெட்டியை லொறியில் ஏற்றி லக்கலைக்கு அனுப்பினார்கள்.

தங்கச்சிக்குப் பிறந்த வீட்டுக் கோடி போட வேறு ஆள் இல்லை என்று பெரியவர்கள் என்னிடம் சொல்லிவிட்டார்கள். புருஷன் இறந்தால் பெண்ணின் அண்ணன் தம்பி புதுச் சேலை கொண்டு வந்து போர்த்துவதுதான் கோடி. டவுனில் ஒரு கடைக்குள் போனேன். கடைக்காரர், "நல்ல காரியமா?" என்று கேட்டார். தலை தானாக ஆடியது. ஜரிகை மின்னும் ரோஸ் கலர் சேலை ஒன்றை மடித்துத் தந்தார். அதை வைத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன்.

அங்கே தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். வாய்க்கரிசியை மூடியின் மேலேயே போட்டு முடித்துவிட்டார்கள். பெட்டியைத் தூக்குவதற்கு முன்னால் கோடி போட்டுத் தாலியை இறக்க வேண்டும். இரண்டு பெண்கள் தங்கச்சியைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் தாலியை முஷ்டிக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள். என் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டேஷனில் நடந்தது அவள் காதுக்கு வந்துவிட்டிருந்தது.

"உள்ளுக்க இருக்கறது யாருன்னு தெரியாம நான் எறக்க மாட்டேன்" என்றாள். தப்பு நின்றது. "அண்ணே, நீங்கதானே கூட வந்தீங்க. இவருதானா?"

எதற்கும் ஒரு பகிடி வைத்திருப்பவன் நான். அன்றைக்கு, "தெரியல தங்கச்சி" என்றேன்.

"அப்ப தொறங்க."

அதிகாரி முன்னால் வந்து திறக்கக் கூடாதென்று சிங்களத்தில் சொன்னார். அவள் கோபப்படவில்லை. இன்னொரு பெண்ணின் பிள்ளையை நான் என் புருஷன் என்று புதைத்தால் அந்தப் பெண் எதைப் புதைப்பாள் என்று அவரிடம் சிங்களத்திலேயே கேட்டாள். அவர் கொஞ்ச நேரம் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டு நின்றார். பிறகு பொலிஸ்காரரைக் கூட்டிக்கொண்டு றோட்டுக் கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

குழி வெட்டக் கொண்டு வந்த அலவாங்கை என் கையில் கொடுத்தார்கள். பாசக்காரன் என்று பெயர் வாங்கியவன் ஆயிற்றே. அலவாங்கின் நுனி பெட்டியைத் தவிர எல்லாவற்றையும் தொட்டது. கால் பக்கத்துப் பலகையை மட்டும் நெம்பச் சொன்னாள் தங்கச்சி. கண்ணை மூடிக்கொண்டு நெம்பினேன்.

"கண்ணத் தொறந்துக்கிட்டு நெம்புங்கண்ணே. வெரல நசுக்கிக்காதீங்க."

என் பயம் என்னவென்று எனக்குத்தான் தெரியும். சவ அறைக்காரர் சொன்னது நான் ஒருவன்தான் கேட்டது. அங்கே கால் என்று ஒன்று இருக்குமா?

ஆணி கிறீச்சிட்டது. பலகை ஒரு சாண் தூக்கிக்கொண்டது. வாடை வந்ததும் சுற்றி நின்றவர்கள் பின்னுக்குப் போனார்கள். அவள் முந்தானையால் மூக்கைக்கூட மூடவில்லை. மண்டியிட்டு, தாலியைப் பிடிக்காத கையை உள்ளே விட்டாள். துணி விலகும் சத்தம். முழங்கை வரைக்கும் கை போனது. எதையோ தொட்டு, விட்டு, இன்னும் உள்ளே தேடினாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு அலவாங்கின் மேல் என் முழுப் பாரத்தையும் போட்டு நின்றேன். பிறகு அவள் கை நின்றது. பெருவிரல் மட்டும் மெதுவாக மேலும் கீழும் போவது அவள் தோளில் தெரிந்தது. லீவு நாட்களில் எண்ணெய் தடவும்போது அப்படித்தான் தடவுவாள்.

"மெழுகு இருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "வெரலு ஏறித்தான் கெடக்கு. இவருதான்ணே. மூடிருங்க."

நான் ஆணிகளை மறுபடி அடித்து முடிக்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. அப்புறம் முஷ்டியைத் தானாகவே விரித்தாள். ரோஸ் கலர் ஜரிகைச் சேலையை நான் அவள் தோளில் போர்த்தினேன். யாரும் சிரிக்கவில்லை. அவளைப் பிடித்திருந்த பெண்களில் ஒருத்தி மட்டும் சேலையின் விலைச்சீட்டைப் பிய்த்து எடுத்தாள்.

அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் திதிக்கு என்னைக் கூப்பிடுவாள். மச்சானின் படத்துக்கு முன்னால் இரண்டு இலை போட்டுப் படைப்பாள். கும்பிட்டு முடிந்ததும் இரண்டாவது இலையில் என்னை உட்காரச் சொல்வாள். அண்ணனுக்கு என்ன மரியாதை பாருங்கள் என்று என் மனைவியிடம் பெருமையடித்திருக்கிறேன். நன்றாகவும் சாப்பிட்டிருக்கிறேன்.

சண்டை முடிந்தது. வடக்குப் பாதையில் ரயில் ஓடியது. நான் வேலையை விட்டேன். ஆனால் லக்கலைக்காரரின் அம்மாவுக்கு எதுவும் முடிந்தபாடில்லை. சுண்ணாம்புக் கதை எப்படியோ அந்த ஊருக்கும் போயிருந்தது. அங்கே பெட்டியை யாரும் திறக்கவில்லை. தன் மகன் உக்குவளையில் தமிழ் ஆட்களின் மண்ணில் கிடக்கிறானா, அல்லது சாகவே இல்லையா என்று அந்த அம்மா பஸ்ஸில் வருபவர்களிடமெல்லாம் கேட்பதாகச் சொன்னார்கள். அங்கே பஸ்ஸும் அதிகம் கிடையாது. கேட்க ஆளும் குறைவு.

இந்த வருடம் தங்கச்சி, "போய் சொல்லிட்டு வந்துருவோம்ணே. அவங்களுக்கும் வயசாச்சு" என்றாள். ஒரு பஸ், காத்திருப்பு, இன்னொரு பஸ், கடைசியில் ஒரு த்ரீவீல். வயல் ஓரத்தில் வீடு. அந்த அம்மா வாசலில் சுளகில் நெல் புடைத்துக்கொண்டிருந்தார். தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்து சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். என் புருஷனின் காலை நான் என் கையால் தொட்டேன், என் பெட்டியில் இருந்தது அவர்தான், அதனால் உங்களுக்கு வந்தது உங்கள் மகன்தான் என்றாள்.

அந்த அம்மா நம்பியதாகத் தெரியவில்லை. சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்று நினைத்திருப்பார். சுளகை ஆட்டிக்கொண்டே இருந்தார். அப்போதுதான் வயலுக்கு அப்பால் யாரோ யானைக்கு வெடி போட்டார்கள்.

நான் வாசலில் கிடந்த பெஞ்சுக்கு அடியில் இருந்தேன். எப்படிப் போனேன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. சுளகின் சத்தம் நின்றது. அந்த அம்மா குனிந்து என்னைப் பார்த்தார். என் மகன் சொன்ன ஆள் நீதானா என்று கேட்டார். பற்றைக்குள் போகிற ஆளா என்றார். ஆமாம் என்றேன். அவர் சிரித்தார். பல் இல்லாத வாயைப் பொத்திக்கொண்டு, உடம்பு குலுங்கச் சிரித்தார். அது எப்போது அழுகையாக மாறியது என்று கீழே கிடந்த எனக்குத் தெரியவில்லை. இவனுக்குப் பொய் சொல்லத் தைரியம் வராது என்று தங்கச்சியிடம் சொன்னது மட்டும் கேட்டது.

வெகுநேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு தங்கச்சியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நீ தொட்டது ஒரு காலைத்தானே? மற்றக் கால்?

சவ அறைக்காரர் சொல்லி நான் யாரிடமும் சொல்லாததை அந்தத் தாய் தானாகவே யோசித்துவிட்டார். நான் தரையைப் பார்த்தேன். தங்கச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வலது காலை முதலில் தொட்டேன், அது என் புருஷனுடையது இல்லை என்றாள். உங்கள் மகனும் கொஞ்சம் எங்களிடம்தான் இருக்கிறார் அம்மா என்றாள். அன்றிலிருந்து வருடா வருடம் இரண்டு பேருக்கும் இரண்டு இலை போட்டுத்தான் படைக்கிறேன் என்றாள்.

இத்தனை வருடமாக நான் உட்கார்ந்து சாப்பிட்டது யாருடைய இலை என்று அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த அம்மா சுளகைத் தள்ளி வைத்தார். பிறகு, அந்த இலையில் என்ன வைக்கிறாய் என்று கேட்டார். தங்கச்சி சொன்னாள். அந்த அம்மா தலையை ஆட்டினார். அவனுக்குக் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது என்றார்.

போன மாதம் திதி வந்தது. இரண்டாவது இலையில் கருவாடு இருந்தது. நான் ஒதுங்கி நின்றேன். "ஒக்காருங்கண்ணே. அவருக்கு இங்க வேற யாரு இருக்கா" என்றாள் தங்கச்சி. எனக்குக் கருவாடு ஒத்துக்கொள்ளாது. வயிறு என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டே உட்கார்ந்து, இலையில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.